கிணற்றுச் சுவரிலிருந்து தொடங்கலாம்: மதுரைப் பக்கம் பெரணி சேகரிக்க ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலாக உலர்த்தி ஒட்டிய பெரணித் (ஃபெர்ன்) தாளை ஒரு தாவரவியல் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் நகத்தை விட்டு இலையைப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. நுனி முதல் அடி வரை ஃபெவிக்கால் தடவி அப்பியிருந்தேன். “பின்பக்கத்தை எப்படிப் பார்க்கிறது?” என்றார். அப்புறம், “அடித்தண்டு எங்கே?” இல்லை. காம்போடு கிள்ளி எடுத்திருந்தேன். “எங்கே எடுத்தது?” “சிறுமலை சார்.” “சிறுமலையில எங்கே?” அதைக் குறித்துவைத்த தாள் மழையில் நனைந்து, ஜெல் பேனா மை ஓடி, நீலத் திட்டாகிப் போயிருந்தது. “அழகா இருக்கு தம்பி. வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டிக்கங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் உள்ள ஒரு தாளைத் தயாரிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹெர்பேரியம் என்கிற உலர்தாவரத் தொகுப்பில் வைக்கத் தகுந்த தாள் அதுதான்.

பெரணியில் பூ கிடையாது, காய் கிடையாது. பூச்செடியைப் பூவை வைத்து அடையாளம் காண்கிறோம். பெரணிக்கு அந்த வேலையைச் செய்வது இலையின் அடிப்பக்கம். அங்கே பழுப்பு நிறத்தில் புள்ளியாகவோ கோடாகவோ ஓரத்து மடிப்பாகவோ இருப்பவை வித்துக் கூட்டங்கள். வித்து என்றால் விதை இல்லை, ஸ்போர் என்கிற பொடி. பாடப்புத்தகத்தில் சோரஸ் என்று படித்திருப்பீர்கள். பூச்சி முட்டை என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டுக் கொண்டுவந்த மாணவரையும் பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த அடையாளம், மண்ணுக்குள்ளோ பாறை இடுக்கிலோ கிடக்கும் மட்டநிலத்தண்டும் அதன்மேல் இருக்கும் செதில்களும். செதிலின் நிறமும் வடிவமும் மட்டுமே இரண்டு இனங்களைப் பிரித்துக் காட்டும் சமயங்கள் உண்டு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெரணியில் காம்பின் அடியிலிருந்து நுனி வரை, சீப்புப் பல் மாதிரி இருக்கும் அத்தனையும் சேர்த்து ஒரே இலை. பல் ஒவ்வொன்றும் சிற்றிலை. ஒரு சிற்றிலையைக் கிள்ளிக்கொண்டு வந்து “இலை எடுத்துவிட்டேன்” என்று சொல்லக் கூடாது.

எங்கே தேடுவது

மதுரையில் பெரணியா என்று சிரிப்பார்கள். வெயில் ஊர்தான். ஆனால் ஈரமும் நிழலும் கொஞ்சம் சுண்ணாம்பும் உள்ள இடம் எந்த ஊரிலும் இருக்கும். பழைய செங்கல் கிணற்றின் உள்சுவர், காரை பெயர்ந்த தெப்பக்குளப் படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி கசியும் மூலை, சோழவந்தான் பக்கத்து வாய்க்கால் கரை என்று எங்கும் எட்டிப் பாருங்கள். கறுப்புக் கம்பி போன்ற காம்பும் மெல்லிய சிற்றிலையும் கொண்ட அடியாண்டம், நீண்ட ஒற்றைப் பட்டைகளாகச் சிற்றிலை வைத்த டெரிஸ் விட்டாட்டா இரண்டும் கிணற்றுச் சுவரில் அடிக்கடி கண்ணில் படும்.

கண்மாயில் பறிக்கிற ஆரைக்கீரையும் பெரணி வகைதான். நாலு சிற்றிலை வைத்த அந்தக் கீரையைப் பூச்செடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைச் சேகரிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் நிறைய நிற்கும்போது எடுத்தால் வெறும் இலைதான் கிடைக்கும். கண்மாய் வற்றி ஓரத்துச் சேறு இறுகத் தொடங்கும்போது போனால், காம்படியில் சின்னப் பயறு மாதிரி கெட்டியான வித்துக் கூடுகள் இருக்கும். அவை இல்லாமல் எந்த மார்சிலியா (ஆரைக்கீரையின் பேரினப் பெயர்) என்று அறுதியிட்டுச் சொல்வது கஷ்டம்.

பாறைக் குன்றுகளின் இடுக்கில் மயில்சிகை வளரும். ஆக்டினியோப்டெரிஸ் ரேடியேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். விரல் நீளப் பனைமரம் மாதிரி, விசிறி இலையோடு நிற்கும். கோடையில் சுருண்டு செத்தது போலக் கிடந்து, மழை பெய்ததும் விரிந்துகொள்ளும். அதனால் மழை முடிந்த கையோடு எடுப்பது நல்லது. சுருண்ட நிலையில்தான் கிடைத்தது என்றால், அடியை ஓரிரவு தண்ணீரில் வைத்துவிட்டு மறுநாள் அழுத்துங்கள்.

சிறுமலை ரோட்டோரத்தில் முடவாட்டுக்கால் என்று ரோமம் மூடிய கிழங்கு விற்பார்கள், சைவ ஆட்டுக்கால் சூப்புக்கு. அதுவும் பெரணியின் மட்டநிலத்தண்டுதான்; ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா. அதை வாங்கிவந்து மாதிரியாக ஒட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். எந்த மரத்தில், எந்தப் பாறையில் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. இடம் தெரியாத கிழங்கு சூப்புக்கு ஆகும், தொகுப்புக்கு ஆகாது.

அனுமதி

இதை யாரும் முதலில் படிப்பதில்லை, அப்புறம் மாட்டிக்கொள்கிறார்கள். அழகர்மலை, குட்லாடம்பட்டி அருவிக்கு மேலே உள்ள காடு, சிறுமலையின் பெரும்பகுதி எல்லாம் வனத்துறையின் கையில் இருக்கும் காடுகள். 1882-ஆம் வருடத்து தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு செடியையும் அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. கொடைக்கானல் வன உயிரின சரணாலயம், 2021-இல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை ஆகிய இடங்களில் 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே படம் எடுங்கள், குறிப்பு எழுதுங்கள், கையைச் சும்மா வையுங்கள்.

கல்லூரி மாணவர் என்றால் துறைத்தலைவர் வழியாக மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். பதில் வர நாளாகும். அதுவரை வீட்டுக் கிணறும் சொந்தக்காரர் தோட்டமும் போதும். சிறுமலையில் காபி, வாழை, எலுமிச்சை போட்ட தனியார் தோட்டங்கள் இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே போகலாம். “என்ன தம்பி, மருந்துக்கா?” என்று கேட்பார்கள். படிப்புக்கு என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சாட்சிக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது உத்தமம்.

எப்போது, எதோடு

நவம்பரிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். ஐப்பசி கார்த்திகை மழையில் இலை தழைத்து, மார்கழி தையில் வித்து முற்றும். வித்துக் கூட்டம் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் முற்றவில்லை. பழுப்பேறியிருந்தால் சரியான பருவம். கறுத்து, தொட்டால் எதுவும் கொட்டவில்லை என்றால் பிந்திவிட்டீர்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். களைக்கொத்தி ஒன்று அல்லது கொத்தனார் கரண்டி ஒன்று. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ். பிளாஸ்டிக் பைகள், அளவு நாடா, பழைய நாளிதழ்கள். கட்டுக் குறிப்பேடு. பென்சில்! ஜெல் பேனா கதையை மேலே சொல்லிவிட்டேன். பென்சில் எழுத்து மழைக்கு அசையாது.

அழுத்துச் சட்டத்தைக் கடையில் தேடி அலைய வேண்டாம். ஆசாரியிடம் சொன்னால், மரப்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, 45 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் இரண்டு சட்டம் செய்து தருவார். மளிகைக்கடை அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்ட பெல்ட் நல்லது. பழைய சைக்கிள் ட்யூப்பும் தாராளமாகப் போதும்.

ஒரு கிணறு, ஒரு செடி

வாடிப்பட்டி பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு என்று வைத்துக்கொள்வோம். மேல்வரிசைச் செங்கலில் டெரிஸ் விட்டாட்டா நிற்கிறது. கிணற்றுக்குள் இறங்காதீர்கள். கைக்கு எட்டுவது மட்டும் போதும். செங்கல் இடுக்கில் பாம்பு இருக்கும், படியும் நம்ப முடியாது.

கையை வைப்பதற்கு முன்னால் சுற்றிப் பாருங்கள். இதே செடி எத்தனை இருக்கிறது? இருபது இருந்தால் ஒன்று எடுக்கலாம் என்பது சேகரிப்பாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. இரண்டு மூன்றுதான் இருக்கிறது என்றால் படத்தோடு திரும்பி வாருங்கள்.

இருபதுக்கு மேல் இருக்கிறது, சரி. செடி இருக்கும் நிலையில் முதலில் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, முழுச் செடி ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, காம்படி ஒன்று. அப்புறம் களைக்கொத்தியின் நுனியால் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, தண்டோடு சேர்த்து வெளியே எடுங்கள். இழுத்தால் காம்பு முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிடும். வேரில் இருக்கும் மண்ணைத் தட்டிவிடலாம். செதில் மேல் தண்ணீரை வேகமாக ஊற்றித் தேய்க்கக் கூடாது, உதிர்ந்துவிடும்.

இப்போது இலையைப் புரட்டி லென்ஸை வைத்துப் பாருங்கள். சிற்றிலையின் இரண்டு ஓரமும் உள்பக்கமாக மெல்லிசாக மடிந்திருக்கும், வேட்டிக் கரை மடித்துத் தைத்த மாதிரி. அந்த மடிப்புக்கு அடியில் வித்து வரிசை தொடர்ச்சியாக ஓடும். சிற்றிலையின் நுனிக்கும் அடிக்கும் பக்கத்தில் மட்டும் இருக்காது. காம்படியில் வெளிறிய செதில்கள். இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்தமுறை பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவீர்கள். (இந்தச் செடி மண்ணிலிருக்கும் ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிறது என்று 2001-இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். நம் கிணற்றுச் சுவர்ச் செடி உலகம் முழுக்கப் பேசப்பட்டது அப்போதுதான்.)

சில பெரணிகளில் வித்து வைக்கும் இலையும் வைக்காத இலையும் வேறு வேறு உருவத்தில் இருக்கும். முடவாட்டுக்காலில் சருகு மாதிரி காய்ந்து தண்டை மூடியிருக்கும் குட்டை இலை ஒன்று, பச்சையாக நீண்டு வளரும் இலை ஒன்று. இரண்டையும் எடுக்காவிட்டால் மாதிரி அரைகுறைதான்.

இடத்தை விட்டு நகர்வதற்குள்

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிணற்றடியில் உட்கார்ந்தே எழுதுங்கள். முதலில் சேகரிப்பு எண். ஒன்று, இரண்டு என்று வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து போகும் எண் அது. வருடம் பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். செடி கெட்டுப்போய்த் தூக்கி எறிந்தாலும் அந்த எண்ணை வேறு செடிக்குக் கொடுக்காதீர்கள். பின்னாளில் உங்கள் பெயரும் அந்த எண்ணும் சேர்ந்துதான் அந்தத் தாளின் முகவரி.

இடத்தை விரித்து எழுதுங்கள். “புதூர்” என்று எழுதினால் மதுரை மாவட்டத்திலேயே எந்தப் புதூர்? “ஆனைமலை” என்று எழுதிவைத்தால், ஒத்தக்கடைக்காரர் நம்ம ஊர் யானைமலையை நினைப்பார், கோயம்புத்தூர்க்காரர் பொள்ளாச்சிக்கு மேலே உள்ள மலையை நினைப்பார். இரண்டிலும் வளரும் பெரணிகள் வேறு, உயரமும் வேறு. மாவட்டம், வட்டம், கிராமம், பக்கத்து நிரந்தர அடையாளம் ஒன்று, அதிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுத வேண்டும். செல்போனில் கிடைக்கும் ஆள்கூறையும் தசம எண்ணில் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு மட்டும் செல்போனை அப்படியே நம்பாமல் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. சிறுமலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டத் தாண்ட செடிகள் மாறும், அங்கே உயரம் முக்கியம்.

அப்புறம், காய்ந்தால் மறைந்துபோகிறவை. இலையின் பச்சை நிறச் சாயல், அடியில் வெள்ளைப் பொடி இருந்ததா, செதிலின் நிறம், செடியின் உயரம், மொத்தம் எத்தனை இலை, பாறையிலா மரத்திலா மண்ணிலா, வெயிலா நிழலா. மரத்தில் என்றால் என்ன மரம் என்றும் எழுதுங்கள்.

அழுத்துவது

அடியாண்டத்தைப் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். சில நிமிடங்களில் சிற்றிலைகள் சுருண்டுவிடும். எடுத்த இடத்திலேயே நாளிதழ் மடிப்புக்குள் வைத்து அழுத்திவிட வேண்டும். மற்றவை ஈரத்தாளோடு பையில் அன்று மாலை வரை தாங்கும்.

ஒரு செடிக்கு ஒரு நாளிதழ் மடிப்பு. வழவழப்பான விளம்பர இணைப்புத் தாள் உதவாது, ஈரத்தை உறிஞ்சாது. மடிப்பின் வெளிமூலையில் பென்சிலால் எண் போடுங்கள். உள்ளே செடியைப் பரப்பும்போது குறைந்தது ஒரு இலையோ பாதி இலையோ அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். தாளைவிட இலை நீளமா? வெட்டாமல் வளைத்து மடியுங்கள், ஆங்கில ‘வி’ போலவோ ‘என்’ போலவோ. அதற்கும் அடங்காத பெரிய இலை என்றால் அடி, நடு, நுனி என்று மூன்று துண்டாக்கி, ஒரே எண்ணோடு அ, ஆ, இ என்று குறியிட்டு மூன்று தாளில் வைக்கலாம். முழு நீளத்தையும் முன்பே அளந்து எழுதியிருக்க வேண்டும். மலையில் மரப்பெரணியைப் பார்த்தால் தண்டில் கை வைக்கவே வேண்டாம். அனுமதி இருந்தாலும் காம்படிச் செதில் கொஞ்சம், நடுவிலிருந்து ஒரு சிற்றிலை, மீதி அளவும் படமும் போதும்.

மடிப்புகளுக்கு நடுவே நாலைந்து தாள், அட்டை என்று அடுக்கிச் சட்டத்துக்குள் வைத்து, முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை இறுக்குங்கள்.

மறுநாள் காலைதான் முக்கியமான நேரம். இலை வாடித் துவண்டிருக்கும், சொன்ன பேச்சு கேட்கும். மடிந்த சிற்றிலைகளை விரித்துவிடவும், ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைப் பிரித்துவிடவும் அப்போதுதான் முடியும். காய்ந்தபிறகு தொட்டால் ஒடியும். அதிலிருந்து தினம் ஒருமுறை ஈரத்தாளை மாற்றி, பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்க வேண்டும். பகலில் மொட்டைமாடி வெயிலில் வைக்கலாம், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஐந்து நாளிலும் காயும்; அடைமழையில் பத்து நாளும் ஆகும். மாற்றாமல் விட்டால் பூசணம் பூத்துக் கறுத்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு சின்ன வேலை. வித்து முற்றிய சிற்றிலை ஒன்றை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து மடித்து, ஓரிரவு விடுங்கள். காலையில் பழுப்புப் பொடி கொட்டியிருக்கும். அதைச் சின்னக் காகித உறையில் போட்டு அதே எண் எழுதிவைத்தால், பின்னால் நுண்ணோக்கியில் வித்தைப் பார்க்க விரும்புகிறவர் இலையைச் சுரண்ட வேண்டியதில்லை.

பூச்சி, பசை, சீட்டு

பழைய ஆய்வகக் குறிப்புகளில் மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் தோய்க்கச் சொல்லியிருக்கும். அது கொடிய விஷம், வீட்டில் கிட்டவே கொண்டுவராதீர்கள். காய்ந்த மாதிரியைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள்; இல்லாவிட்டால் வியர்த்து ஈரமாகிவிடும். மீன் குழம்புக்கு நடுவே பெரணிப் பைக்கு இடம் கேட்பதுதான் வனத்துறை அனுமதியைவிடக் கஷ்டம்.

ஒட்டுவதற்கு 42-க்கு 28 சென்டிமீட்டர் அளவில் கெட்டியான வெள்ளைத்தாள் வேண்டும். பசையை அங்கங்கே பொட்டுப் பொட்டாக மட்டும் வையுங்கள். தடித்த தண்டையும் காம்பையும் வெள்ளை நூலால் தைத்துவிடலாம். அடிப்பக்கம் தெரியும் இலை அப்படியே தெரியட்டும். உதிர்ந்த துண்டுகளை உறையில் போட்டு ஒட்டுங்கள், எறியாதீர்கள். வலது கீழ்மூலையைச் சீட்டுக்கு விட்டுவிடுங்கள். சீட்டு இப்படி இருக்கலாம்:

குடும்பம்: டெரிடேசியே
பெயர்: டெரிஸ் விட்டாட்டா
இடம்: தமிழ்நாடு, மதுரை மாவட்டம், வாடிப்பட்டி வட்டம், கிராமம், அடையாளம், திசை, தூரம்
ஆள்கூறு, உயரம்:
வளரிடம்: தோட்டத்துக் கிணற்றின் உள்சுவர், செங்கல் காரை இடுக்கு, பாதி நிழல், இருபதுக்கு மேற்பட்ட செடிகள்
குறிப்பு: இலை 60 செ.மீ. வரை, காம்படிச் செதில் வெளிறியது, வித்து முற்றியது
நாள்: 7 டிசம்பர் 2024
சேகரித்தவர், எண்: உங்கள் பெயர், 23
பெயர் கண்டவர்:

பெயர் தெரியாவிட்டால் அந்த வரியைக் காலியாக விடுங்கள். ஊகித்துத் தப்பாக எழுதுவதற்குக் காலியிடமே மேல். இடமும் நாளும் சரியாக இருந்தால் பெயரை யாராவது பின்னால் கண்டுபிடித்துக்கொள்வார்கள். பெயர் இருந்து இடம் இல்லாவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே செடிக்கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று படிகள் எடுத்திருந்தால், ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு மற்றதைப் பெரிய தொகுப்பு ஒன்றுக்குக் கொடுக்கலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (BSI) தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்கிற தொகுப்பு இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம். பெரணி ஆராய்ச்சி என்றால் பாளையங்கோட்டை புனித சவேரியார் கல்லூரிக்கு நெடுநாளைய பெயர் உண்டு. நேரே மூட்டையோடு போய் நிற்காமல் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். காட்டில் எடுத்தது என்றால் அனுமதிக் கடிதத்தின் நகலையும் கேட்பார்கள்.

உங்களிடம் இருக்கும் படியை நிமிர்த்தி வைக்காமல் படுக்கையாக, ஈரம் படாத அலமாரியில் பாச்சை உருண்டையோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தாளில் மாவு மாதிரி பொடி கண்டால் பூச்சி வந்துவிட்டது, மறுபடி ஃப்ரீசர்தான்.

சில மாதம் கழித்து யாராவது நிபுணர் பார்த்துவிட்டு, நீங்கள் எழுதிய பெயர் தப்பு என்று வேறு பெயர் எழுதிச் சீட்டு தருவார். எனக்கு இதுவரை ஏழெட்டு வந்திருக்கிறது. பழைய சீட்டைக் கிழித்துவிடாமல், புதுச் சீட்டை அதற்கு மேலே, தேதியோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.